நாலு மணிக்கு எழுந்து 109 வாங்கியவன் சொல்கிறேன்

அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 38. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்பது அரசாங்கத்தின் கணக்கு, எங்கள் அக்கா வீட்டுக் கணக்கு வேறு. போனில் அழாத குறையாக, "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுடா தம்பி, நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறா, கஷ்டப்பட்டு உழைச்சுப் படிச்சாத்தான் முன்னுக்கு வர முடியும்னு உன் வாயால சொல்லு" என்றாள். சரி என்று பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வில்லாபுரத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு திருமங்கலம் போனேன். வழி நெடுக மனசுக்குள் ஒத்திகை. உழைப்பைப் பற்றிப் பேச நமக்கென்ன பஞ்சமா? பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நின்று கேட்டதே ஆயுசுக்கும் போதும்.

போய் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் பாப்பா என்னை மடக்கிவிட்டாள்.

"மாமா, ஸ்கூல் விட்டு வந்து தினம் அஞ்சு மணி நேரம் படிக்கிறேன். டிவி பாக்கிறதில்ல. போன் அம்மாகிட்டதான் இருக்கு. இதுக்கு மேல எப்படி உழைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

அக்கா வாசல்படியில் நின்றுகொண்டு, இல்லை என்று மறுக்கவும் முடியாமல் ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் முடியாமல் பார்த்தாள். பிள்ளை சொன்னது நிஜம்தான் போல. ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் போச்சு. "அந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்துட்டு வா" என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாததால்.

பத்தாம் வகுப்பு கணக்குத் தாளில் எட்டு மார்க் கேள்வி இரண்டு உண்டு, ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். ஆக மொத்தம் 16. தேறுவதே பாடு என்கிற பிள்ளைகளிடம் எந்த வாத்தியாராக இருந்தாலும் முதலில் சொல்வது, "இந்தப் பதினாறைக் கெட்டியாப் பிடிச்சுக்க, மிச்சத்தை ஒரு மார்க்லயும் ரெண்டு மார்க்லயும் தேத்திரலாம்" என்பதுதான். "வடிவியல் எப்படி?" என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியும் மாமா. நாலு தடவை பாத்துட்டேன்."

பாத்துட்டேன் என்றாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

புத்தகத்தைப் பார்த்து ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு மூடிவிட்டேன். 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடு வரைந்து நீளத்தை அளக்க வேண்டும். காம்பஸை எடுத்தாள். வட்டம் வந்தது. மையத்திலிருந்து 8 செ.மீ. கோடும் வந்தது. அங்கே நின்றாள். பென்சிலைக் கடித்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். மையக்குத்துக்கோடு போட வேண்டிய இடம் அது, மேலேயும் கீழேயும் வில் வெட்டி நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் ஸ்கேலை வைத்து நாலு செ.மீ.யில் ஒரு புள்ளி குத்திவிட்டாள். பரவாயில்லை, நடுப்புள்ளி நடுப்புள்ளிதான், ஆனால் வில் இல்லாவிட்டால் திருத்துகிறவர் மார்க்கில் கை வைத்துவிடுவார். அப்புறம் இரண்டாவது வட்டம், அது முதல் வட்டத்தை வெட்டிய இரண்டு இடங்கள், தொடுகோடுகள். அளந்து பார்த்துவிட்டு, "5.3" என்றாள்.

விடை 7.4.

நான் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். தப்பான விடையைப் பார்த்தால் அது எங்கே தப்பானது என்று தேடுவது எங்கள் பிழைப்பு. எட்டின் வர்க்கம் 64, அதில் ஆறின் வர்க்கம் 36-ஐக் கழித்தால் 28, அதன் வர்க்கமூலம் 5.3. அதாவது பிள்ளை ஆறு செ.மீ.யை ஆரமாக எடுத்துவிட்டாள். கணக்கில் சொன்னது விட்டம். ஆரம் 3 என்று எடுத்திருந்தால் 64-ல் 9 போக 55, வர்க்கமூலம் 7.4. புத்தகத்தைத் திறந்து காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "ஐயோ மாமா, இது எனக்குத் தெரியும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், அது என்னுடைய குரல்.

2006-ல் நான் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினேன். அப்போது மொத்தம் 1200, கணக்குக்கு மட்டும் 200. ஒரு மார்க் நாற்பது, ஆறு மார்க் பத்து, பத்து மார்க் பத்து. அப்பா டவுன் பஸ் கண்டக்டர், முதல் டிரிப் எடுக்கிறவர். அவர் குளித்துக் காக்கி மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மணி நாலு, கிளம்புவதற்கு முன்னால் என் கால் கட்டை விரலைப் பிடித்து இழுத்துவிட்டுப் போவார். நானும் எழுந்துவிடுவேன், பொய்யெல்லாம் இல்லை. தூக்கம் வரக்கூடாது என்று இரண்டு காலையும் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு எட்டு மணி வரைக்கும் படிப்பேன். சாயங்காலம் திரும்ப நாலு மணி நேரம். வெக்டர் முறையில் காஸ் ஏ மைனஸ் பி நிரூபிப்பதை மந்திரம் மாதிரி ஒப்பிப்பேன். அப்பா டிப்போவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார், பையன் நாலு மணிக்கே எந்திரிச்சுர்றான் என்று. அவர் ரூட்டில் தினமும் ஏறுகிற பூக்காரம்மா வரைக்கும் சேதி போயிருந்தது.

தேர்வில் வெக்டரில் தெரிந்த கேள்விதான் வந்தது. படம் போட்டேன். இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரி வரவில்லை. அந்தப் பக்கம் கண் முன்னால் அப்படியே நிற்கிறது, இடது ஓரத்தில் கீழே நான் டீயைக் கொட்டிய கறை கூடத் தெரிகிறது, கறைக்கு மேலே மூன்றாவது பத்தியில் அந்த வரி இருக்கிறது என்பதும் தெரியும், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் இல்லை. விடைத்தாளைத் திரும்ப வாங்கும்போது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இப்போதும் நினைவிருக்கிறது. எழுதியது தப்பாகப் போயிருந்தால் அழுதிருப்பேன். இது எப்படி வராமல் போகும் என்று திகைப்பாகத்தான் இருந்தது.

109. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் பூக்காரம்மா "தம்பி எத்தனை மார்க்குண்ணே?" என்று கேட்டபோது மொத்த மார்க்கை மட்டும் சொன்னாராம், கணக்கைச் சொல்லவில்லையாம். அம்மா பல வருஷம் கழித்துத்தான் இதைச் சொன்னாள்.

என் வகுப்பில் சோழவந்தான் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒருத்தன் இருந்தான், அவன் பெயர் இங்கே வேண்டாம், மாப்ள என்றே வைத்துக்கொள்வோம். அவன் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. (2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே சோழவந்தான் வெற்றிலை.) காலையில் இவனும் கொடிக்காலுக்குப் போய் வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். அவனுக்குப் படிக்கக் கிடைத்தது ராத்திரி இரண்டரை, மூன்று மணி நேரம்தான், அதுவும் மோட்டார் ரூமில். பத்து மணிக்குத் தூங்கிவிடுவான்.

தேர்வு லீவில் ஒருநாள் அங்கே போயிருந்தேன், சேர்ந்து படிக்கலாம் என்று. மோட்டார் ரூம் என்றால் நீங்கள் நினைப்பது மாதிரிதான், எண்ணெய் வாடை, சுவரில் பல்லி, ஒரே ஒரு குண்டு பல்பு. தரை மட்டும் வழவழ என்று சிமெண்ட். அவன் புத்தகத்தில் ஒரு பத்து மார்க் கணக்கை ஒரு தடவை வாசித்தான். மூடி மோட்டார் மேல் வைத்தான். சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் குத்தவைத்து எழுத ஆரம்பித்தான். நாலாவது வரியில் நின்றுவிட்டது. நானாக இருந்தால் உடனே புத்தகத்தை எடுத்திருப்பேன். அவன் எடுக்கவில்லை. தரையையே முறைத்துப் பார்த்தான், எழுந்து வெளியே போய் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தான், திரும்பக் குத்தவைத்தான், ஏதோ கிறுக்கினான், அழித்தான். ஒரு கட்டத்தில் அவனுக்கு வியர்த்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் புத்தகம் திறந்தது, அதுவும் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடினான். ஈரத்துணியால் தரை முழுக்கத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதினான். வராமல் போன கணக்கின் எண்ணைச் சுவரில் கரிக்கட்டியால் குறித்துவைத்தான், இரண்டு நாள் கழித்து அதைத்தான் முதலில் எடுப்பானாம்.

"என்னடா மாப்ள, ரெண்டு கணக்குக்கே இவ்வளவு நேரமா?" என்று சிரித்தேன். அந்த நேரத்தில் நான் வெக்டர் பாடத்தை இரண்டு சுற்று முடித்திருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவனுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டது கூட நினைவிருக்கிறது, பாவம், இந்த வேகத்தில் போனால் பாடத்தை எப்போது முடிப்பான் என்று. அவன் கணக்கில் 187.

ரொம்ப நாள் அவனுக்கு மண்டை, எனக்கு இல்லை என்று சொல்லித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். நடந்தது வேறு என்று புரிந்தது பிற்பாடு, 2006-லேயே அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு பேர் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது. நான் 109 வாங்கிய அதே வருஷம் என்பதுதான் வயிற்றெரிச்சல். கல்லூரி மாணவர்களிடம் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சின்னக் கட்டுரைகளைக் கொடுத்திருக்கிறார்கள். சிலதைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்கள், சிலதை ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால். 81 சதவீதம் அவர்களுக்கு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கதை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், உங்களுக்கு இது எவ்வளவு நினைவில் இருக்கும் என்று கேட்டதற்கு, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னார்கள். வாளிக்குள் காலை விட்டுக்கொண்டிருந்த என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் ஒர்க் வேண்டாம், ஸ்மார்ட் ஒர்க் போதும் என்று மைக் பிடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மாப்ள செய்தது குறுக்கு வழி இல்லை. மோட்டார் ரூமில் அன்றைக்கு உழைத்தது அவன் ஒருத்தன்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே புரிந்த பக்கத்தைத் திரும்ப வாசிப்பது சுகமான வேலை, கண் வழுக்கிக்கொண்டு போகும், எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால்தான் நமக்கு எதுவுமே தெரியாது என்கிற அவமானம் வந்து எதிரே நிற்கும், அந்த அவமானத்தோடு பத்து நிமிஷம் இருக்க முடிகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாம் பிள்ளைகளிடம் உழைக்கச் சொல்கிறோம், ஆனால் அளப்பது என்னவோ அவர்கள் உட்கார்ந்த நேரத்தை. அக்கா கூட, "அஞ்சு மணி நேரம் உக்காந்துதான்டா இருக்கா" என்றுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் பாப்பாவை நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். 2023 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள் அன்று திறந்தது, மதுரையில் அந்த அளவுக்கு ஒரு நூலகம் அதற்கு முன்னால் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அங்கே குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நமக்கே எதையாவது எடுத்துப் படிக்கலாமா என்று தோன்றும். பக்கத்து மேசையில் ஒரு தம்பி, மூன்று கலரில் ஹைலைட்டர் வைத்திருந்தான். பக்கம் முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ். கலர் அடிக்காத ஒரே ஒரு வரிதான் பளிச்சென்று தெரிந்தது. கேலி செய்யவில்லை, நானும் அதே கட்சியில் இருந்தவன்தான். படிக்கும் முறைகள் பத்தை எடுத்து எது எவ்வளவு உதவுகிறது என்று 2013-ல் உளவியல்காரர்கள் அலசியபோது, கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், ஒரே மூச்சில் படிக்காமல் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசையில் நின்றன. கரிக்கட்டியால் குறித்துவைத்து இரண்டு நாள் கழித்து எடுத்தானே, அதுதான் அந்த இரண்டாவது.

அப்புறம் இந்தத் தூக்கம். நம்ம ஊருக்குத் தூங்கா நகரம் என்று பெயர் இருப்பதாலோ என்னவோ, பிள்ளைகள் தூங்காமல் படித்ததை ஜல்லிக்கட்டில் மாடு பிடித்த மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள். மாட்டுத்தாவணியில் ராத்திரி முழுக்க மூட்டை இறக்குகிறவர் பகலில் தூங்குகிறார் ஐயா. ராத்திரியும் விழித்துப் பகலில் வகுப்பிலும் உட்காருகிறவன் எந்த நேரத்தில் தூங்குவான்? வகுப்பில்தான். நான் தூங்கியிருக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டே.

இதையெல்லாம் எழுதும்போது நெருடுகிற ஒன்றும் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை காலையில் ஐந்தரைக்கே திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டும். விரல் போகிற வேகத்தைப் பார்த்தால் கண் கூசும், இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, ஒரு இழு. கட்டி முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம், சாயங்காலம் திரும்பவும் பூ. அந்தப் பிள்ளையிடம் போய் இன்னும் நன்றாக உழைத்துப் படிம்மா என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. உழைப்பு ஒன்றே போதும் என்பது நிஜமானால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் 7.5 சதவீதம் தனியாக ஒதுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. அவர்களும் உழைத்தார்கள், ஆனாலும் உள்ளே போக முடியவில்லை, அதனால்தான் அந்தச் சட்டம். காலை உணவுத் திட்டமும் அப்படித்தான், 2022 செப்டம்பர் 15 அன்று இங்கே சிம்மக்கல் பக்கம் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். வெறும் வயிற்றோடு வருகிற ஆறு வயசுப் பிள்ளைக்கு உழைப்பைப் பற்றி வகுப்பெடுப்பதற்கு முன்னால் ஒரு கரண்டி பொங்கலோ கிச்சடியோ வைப்பது உத்தமம்.

ஆனால் மாப்ளையும் கொடிக்காலில் வேலை பார்த்தவன்தானே என்று ஒருத்தர் கேட்கலாம். கேட்டார், என் ஆபீஸில் கூட உட்காருகிற அண்ணன்தான் கேட்டார். ஆமாம். அவனுக்கு இருந்தது மூன்று மணி நேரம், பூக்கட்டுகிற பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதில் மூடிவைத்து எழுதிப் பார் என்று நான் அவளிடம் சொல்லலாம், ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிக் கொடுக்கலாம், அந்த ஒரு மணி நேரத்தை எப்படி இரண்டாக்குவது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சாக்பீஸ் வாங்கிக் கொடுத்தேன். அவள் தம்பி அதை வைத்துத் தெரு முழுக்க விக்கெட் வரைந்துவிட்டான், அது தனிக் கதை.

பாப்பாவுக்கும் ஒரு பெட்டி கொடுத்திருந்தேன். திருமங்கலம் வீட்டு மொட்டைமாடித் தரை, எங்கள் மோட்டார் ரூம் அளவுக்கு வழவழப்பு இல்லை, ஆனால் பரவாயில்லை. முதல் வாரம் போன் செய்து அழுதாள், நாலு கணக்குக்கு மேல் ஒருநாளில் முடிக்க முடியவில்லை, கிளாஸில் எல்லாரும் ரெண்டாவது ரிவிஷனுக்குப் போயிட்டாங்க மாமா என்று. முன்னால் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது, இப்போது ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அதை வெளியே சொன்னால் வைவாள் என்று சும்மா இருந்தேன்.

நேற்று போயிருந்தபோது அக்கா மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். "உன்னாலதான்டா, வடகம் காயப் போட ஒரு அடி இடம் இல்ல, மாடி பூரா வட்டம் வட்டமா கோலம் போட்டு வச்சிருக்கா, மிதிச்சா சண்டைக்கு வர்றா!" மேலே போய்ப் பார்த்தேன். காம்பஸ் அவ்வளவு பெரிசு கிடையாது என்பதால் சணல் கயிற்றில் சாக்பீஸைக் கட்டி வரைந்திருக்கிறாள், செ.மீ.க்குப் பதில் சாண் கணக்கில். சின்ன வட்டம், பெரிய வட்டம், மேலேயும் கீழேயும் வில், இரண்டு தொடுகோடு. சின்ன வட்டத்துக்குள் ஆரம் மூணு என்று எழுதி, மூணுக்குக் கீழே இரண்டு கோடு. வடகத் துணியை அக்கா கடைசியில் பெரிய வட்டத்துக்கு வெளியே, தண்ணித் தொட்டியை ஒட்டி விரித்திருந்தாள்.